இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய்கள் குறித்து எங்கள் கிராம சபைக்கு ஒரு திறந்த மடல்

கிராம சபையின் பெரியோர்களுக்கும், ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், அக்கம்பக்கத்துத் தோட்டத்தாருக்கும் வணக்கம்.

வரவிருக்கும் கிராம சபைக் கூட்டத்தில் குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை ஆகியவற்றோடு இன்னொரு பொருளையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். நம் ஊரில் வீட்டுக்கோழிகளையும், பூனை, முயல், புறா போன்ற செல்லப் பிராணிகளையும், சில வேளைகளில் பட்டி ஆடுகளையும் கடித்துக் கொல்பவை பெரும்பாலும் உரியவர் இல்லாத தெருநாய்கள் அல்ல. பகலெல்லாம் சங்கிலியில் கிடந்துவிட்டு, இரவுச் சோறு தின்ற பிறகு காவலுக்கென்று அவிழ்த்துவிடப்படும் வளர்ப்பு நாய்களே அவை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் வாய் திறப்பதில்லை. பங்காளிக்குள் மனஸ்தாபம் வரும், ஒரு கோழிக்காகப் பேச்சுவார்த்தை முறியும் என்ற தயக்கம் நமக்கு. அந்தத் தயக்கத்தின் பலன், பழி முழுவதும் தெருநாய் மேல் விழுந்து, உரியவர் உள்ள நாய் அடுத்த இரவும் அவிழ்த்துவிடப்படுகிறது.

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரங்களில் 2024, 2025ஆம் ஆண்டுகளில் நாய்கள் பட்டிகளுக்குள் புகுந்து செம்மறி ஆடுகளைக் கொன்று குவித்ததும், செத்த ஆடுகளைப் போட்டுக்கொண்டு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததும், அதன் பிறகு அரசு இழப்பீட்டுக்கு முன்வந்ததும் நமக்குப் புதிய செய்தி அல்ல. கிளுவை வேலி சூழ்ந்த கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளை விட்டுவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்கியவர்கள் இன்று பட்டிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார்கள். ஆடு செத்தால் ஊர் கூடுகிறது, கால்நடை மருத்துவர் வருகிறார், கிராம நிர்வாக அலுவலர் வந்து எழுதிக்கொண்டு போகிறார். கோழி செத்தால் அப்படி யாரும் வருவதில்லை. வேலியோரம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதனால்தான் இந்த மடலில் ஆட்டைவிடக் கோழியைப் பற்றியே கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது.

ஒரு கோழிதானே என்று சொல்பவர்கள் அதன் கணக்கைச் சற்றுப் பார்க்க வேண்டும். நாட்டுக்கோழிப் பெட்டை ஒன்று ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டாலே பெரிது. அடைக்கு உட்கார்ந்தால் 21 நாள். பொரித்த பிறகு குஞ்சுகளைப் பிரித்துவிடும் வரை இரண்டு மூன்று மாதம் அவற்றோடேயே திரியும். குஞ்சுகளோடு திரியும் தாய்க்கோழியை நாய் பிடித்துவிட்டால் போவது ஓர் உயிர் மட்டுமல்ல. காகத்தையும் வல்லூறையும் எதிர்த்துச் சிறகு விரிக்க ஆளில்லாமல் அந்தக் குஞ்சுகளும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேரும். நம் ஊரில் கோழி வளர்ப்பு பெண்களின் வருமானம். சந்தையில் சேவல் விற்ற பணம் அவர்களுடைய சிறுவாட்டுக் காசு. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மாத்திரைச் செலவு, உறவுக்கு வைக்கும் மொய் ஆகியவை அதிலிருந்துதான் வருகின்றன. ஏழைப் பெண்களுக்கு 50 சதவீத மானியத்தில் 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் என்று அரசே திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது. கொடுத்த குஞ்சுகளை வெள்ளைக்கழிச்சல் நோயிலிருந்து காப்பாற்றத் தடுப்பூசி இருக்கிறது. பக்கத்து வீட்டு நாயிடமிருந்து காப்பாற்றுவதற்கு ஒரு தீர்மானம்கூட இன்னும் இல்லை.

கொன்றது நாய் என்று எப்படித் தெரியும் என்று சிலர் கேட்கிறார்கள். கோழி வளர்ப்போருக்கு அது தெரியும். காட்டுப்பூனை ஒரு கோழியைக் கவ்விக்கொண்டு போய்விடும். மறுநாள் எண்ணிப் பார்த்தால்தான் குறைவது தெரியும். கீரி கழுத்தைப் பிடிக்கும். நாய் வந்து போன வாசல் வேறு மாதிரி இருக்கும். இறகுகள் கொத்துக் கொத்தாகப் பிடுங்கப்பட்டு, எச்சிலில் நனைந்து ஒட்டிக் கிடக்கும், வைக்கோற்போரின் அடியில் ஒன்று, தொட்டிக்குப் பின்னால் ஒன்று என்று கோழிகள் ஓடிய இடத்திலெல்லாம் விழுந்து கிடக்கும், எதையும் தின்றிருக்காது. முதுகிலும் வால்பக்கத்திலும் கவ்வி உதறிய கடி இருக்கும். எப்படியும் ஒன்று உயிரோடு தப்பியிருக்கும். முதுகுத்தோல் வாலிலிருந்து இறக்கை வரை உரிந்து தொங்க, சத்தமே போடாமல் சுவர் மூலையில் நிற்கும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசிப் பார்ப்போம். பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்குள் தலை சாய்த்துவிடும்.

தின்னாமல் கொல்வதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி. வயிறு நிறையச் சோறு போட்டால் நாய் கோழியைத் தொடாது என்று நம்புகிறவர்கள் நம்மில் பலர். பசிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. ஓடுவதைத் துரத்துவதும், துரத்தியதைக் கவ்வி உதறுவதும் நாயின் பிறவிக்குணம். படபடவென்று சிறகடித்து ஓடும் கோழி அந்தக் குணத்தைத் தூண்டிவிடுகிறது. தனியாக இருக்கும்போது வேலியோரம் படுத்துக் கிடக்கும் அதே நாய், இன்னும் இரண்டு நாய்கள் சேர்ந்தவுடன் வேறு நாயாகிவிடும். ஒருமுறை ருசி கண்ட நாய் அதே வீட்டுக்குத் திரும்ப வரும். முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களை இப்போது இளைஞர்கள் ஆசையோடு வாங்கி வருகிறார்கள். நாட்டு இனங்கள் அழியாமல் நிற்பது நல்லதுதான். அந்தக் கால்களுக்கு நம் ஊரின் ஐந்தடி மண்சுவர் ஒரு தடையே அல்ல என்பதையும் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

“காவலுக்குத்தானே அவிழ்த்துவிடுகிறோம்” என்பது அடுத்த வாதம். நள்ளிரவில் அந்த நாய் மூன்று தோட்டம் தள்ளி இன்னொருவர் களத்தில் நிற்கிறது. அது காக்க வேண்டிய வீடு அந்நேரம் காவலில்லாமல் கிடக்கிறது. வேலிக்குள் நிற்கும் நாய்தான் காவல் நாய்.

வருத்தத்தோடு சொல்ல வேண்டிய இன்னொன்றும் உண்டு. பெட்டை நாய்க்குட்டிகளை வேண்டாமென்று சாக்கில் போட்டு, அடுத்த ஊர் எல்லையிலோ பாலத்தடியிலோ விட்டுவருவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. அடுத்த ஊர்க்காரர்களும் அதையே நம் எல்லையில் செய்கிறார்கள். அந்தக் குட்டிகள் வளர்வது எங்கே என்றால், சாலையோர இறைச்சிக் கடைகள் மூட்டை மூட்டையாகக் கழிவைக் கொட்டும் ஓடைக்கரையில். குடல், தலை, ஈர இறகு என்று கோழிக்கழிவையே தின்று வளரும் நாய்க்கூட்டத்துக்குக் கோழி வாசனை என்றால் சோறு என்றுதான் அர்த்தம். நம் வளர்ப்பு நாய்களும் இரவில் போய்ச் சேர்வது அந்தக் கூட்டத்தோடுதான். ஓடையில் கொட்டுவதை நிறுத்தாமல் நாயை மட்டும் பேசுவதில் பொருளில்லை. கழிவைக் குழியில் புதைக்கவோ, எடுத்துச் செல்வோரிடம் ஒப்படைக்கவோ கடைக்காரர்களைக் கட்டாயப்படுத்துவது ஊராட்சியின் கையில் இருக்கிறது. இது என் பார்வையில் முதல் வேலை.

கோபத்தில் சிலர் இறைச்சியில் குருணைப் பூச்சிமருந்தைக் கலந்து வைப்பது பற்றிப் பேசுகிறார்கள். தயவுசெய்து அந்தப் பேச்சை யாரும் வளர்க்க வேண்டாம். நஞ்சு ஆள் பார்த்துக் கொல்லாது. காகமும் மயிலும் பூனையும், வைத்தவரின் நாயும்கூட அதில் விழும். விலங்கை நஞ்சிட்டுக் கொல்வது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். மயில் செத்தால் வனத்துறை வழக்கும் சேரும். கோழியைப் பறிகொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நிலை நமக்கு வேண்டாம்.

சட்டத்தில் நமக்கு நேரடியான வழி இருக்கிறதா என்றால், விந்தையான ஒரு நிலைமைதான் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த ஆட்டையோ எருமையையோ பவுண்டு எனப்படும் கால்நடை அடைப்புப் பட்டியில் கொண்டுபோய் அடைக்கலாம். அந்தச் சட்டத்தில் யானையும் ஒட்டகமும் பன்றியும்கூட எழுதப்பட்டிருக்கின்றன, நாய் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு ஆடு என் சோளத்தைக் கடித்தால் அதைப் பிடித்து அடைக்க வழி உண்டு. பக்கத்து வீட்டு நாய் என் கோழிகளைக் கொன்றால் இல்லை. அதேவேளை, 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாய்களையும் தெருநாய்களையும் பிரித்து, வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அதன் உரிமையாளரே பொறுப்பு என்று சொல்கின்றன. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நாயைக் கைவிடுவதையும் குற்றமாக்குகிறது. குட்டைச் சங்கிலியில் ஓயாமல் கட்டிப்போட்டு நடமாட விடாமல் வைப்பதையும் குற்றமாக்குகிறது. ஆகவே நாள் முழுக்கக் கட்டிப்போடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

நாங்கள் கேட்பது, பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை நாய் அவரவர் வேலிக்குள் இருக்க வேண்டும் என்பதே. சுற்றுச்சுவர் இல்லாத தோட்டங்களில், இரண்டு கம்பங்களுக்கு இடையே உறுதியான கம்பியை இழுத்துக் கட்டி, சங்கிலியின் வளையத்தை அதில் கோத்துவிட்டால் நாய் வாசலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தாராளமாக நடமாடும், காவலும் காக்கும். ஊராட்சி அலுவலகத்தில் வளர்ப்பு நாய்களுக்கு ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொரு நாயின் கழுத்துப்பட்டையிலும் உரியவரின் கைப்பேசி எண் பொறித்த தகடு தொங்க வேண்டும் என்று தீர்மானித்தால், “அது எங்க நாயே இல்லீங்க” என்ற பேச்சுக்கு இடமிருக்காது. தகடில்லாத நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ய ஊராட்சி ஒன்றிய அளவில் ஏற்பாடு கேட்டு ஊராட்சி எழுத வேண்டும். வளர்ப்பு நாய் கொன்றது என்று தெரிந்தால், அன்றைய சந்தை விலையை உரியவர் கொடுப்பதும், பல நாய்கள் சேர்ந்திருந்தால் உரியவர்கள் பகிர்ந்துகொள்வதும் ஊர்க் கட்டுப்பாடாக வேண்டும். அடைக்கோழிக்கும் குஞ்சுகளோடு இருக்கும் கோழிக்கும் எடைக்கணக்கு பொருந்தாது என்பதையும் பெரியவர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

கோழி வளர்ப்போர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. கோழிகளைக் கவிழ்த்து மூடும் கூடையான கொடாப்பின் மேல் கல்லை வைத்து மூடுவது கீரிக்குப் போதும். இரண்டு நாய்கள் முட்டினால் அது உருண்டுவிடும். கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கண் கோழி வலை நாயின் பல்லுக்குத் தாங்காது. கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த தடித்த வெல்டுமெஷ் வலைதான் நிற்கும். வலையின் அடிப்பகுதியை வெளிப்புறமாக ஒன்றரை அடி மடக்கித் தரையோடு விரித்து, அதன்மேல் கல் அடுக்கிவிட்டால், ஓரமாகத் தோண்ட வரும் நாய்க்கு மண்ணுக்குப் பதில் கம்பிதான் கிடைக்கும். மரத்தில் அடையும் கோழிகளை மாலையிலேயே கூட்டுக்குப் பழக்க வேண்டும். இவற்றுக்குச் செலவு உண்டு. செய்யத் தயாராக இருக்கிறோம். பகலில் வாசலில் மேயும் கோழியை ஆண்டு முழுக்கக் கூண்டில் அடைக்கச் சொல்வது மட்டும் நியாயமில்லை.

நாயிடம் கடிபட்டுப் பிழைத்த ஆடு, மாடு, பூனைகளை வீட்டு வைத்தியத்தோடு விட்டுவிடக் கூடாது என்பதையும் கூட்டத்தில் ஒருவர் சொல்ல வேண்டும். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெறிநோய்க்கான ஊசி 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போடப்படுகிறது. கழுவுகிறவர் கையில் கீறல் இருந்தால் அவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளை ஒட்டிக் கால்நடைத் துறை நடத்தும் தடுப்பூசி முகாமை நம் ஊரிலும் கேட்டுப் பெறலாம். பதிவேட்டை அன்றைக்கே தொடங்கிவிடலாம்.

இந்தப் பொருளை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கோரும் மனுவைக் கோழியும் ஆடும் வளர்க்கும் குடும்பத்தாரின் கையொப்பத்துடன் ஊராட்சி அலுவலகத்தில் தரவிருக்கிறோம். நாய் வளர்க்கும் குடும்பத்தாரும் அதில் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம்மில் பெரும்பாலோர் வாசலில் இரண்டும் இருக்கின்றன. தீர்மானத்தின் வாசகத்தில் மாற்றம் வேண்டுவோர் கூட்டத்துக்கு முன்பே சொன்னால் திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நாட்டுக்கோழி வளர்க்கும் வாக்காளர் ஒருவர்