தவளைச் சத்தமும் தீர்ப்புச் செய்தியும்: தோட்டத்து அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொழிற்சங்க, கட்சி அமைப்பாளர்களாக இருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் நுவரெலியாப் பக்கம். மழை விட்ட ராத்திரிகளில், தேயிலை மலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில், கான் ஓரமாக டோர்ச்சோடு நின்று தவளைச் சத்தம் கேட்கிறவன். புதர்த் தவளைகளைக் கண்ணால் பார்த்து இனம் பிரிப்பது கஷ்டம், ஒரே இனமே பல நிறத்தில் இருக்கும். அதனால் காதைத்தான் நம்புகிறோம். ஆனால் காதும் ஏமாறும். குளிர் கூடினால் அதே தவளை வேகம் குறைந்து கத்தும், வேறு ஏதோ இனம் என்று தோன்றும். ஒரு தடவை 'டிக்-டிக், டிக்-டிக்' என்று இரட்டைச் சத்தம் கேட்டு உடனே ஒரு பேரைச் சொல்லிவிட்டேன். கூட வந்த அண்ணன் டோர்ச்சை அணைத்துவிட்டு "பொறு தம்பி" என்றார். இருபது நிமிஷம் அட்டைக் கடியோடு நின்ற பிறகுதான் புரிந்தது, அங்கே கத்தியது ஒரு தவளை இல்லை. இரண்டு புதர்களில் இரண்டு ஆண் தவளைகள், மாறி மாறி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீதிமன்றச் செய்தியை நீங்கள் எங்களுக்குச் சொன்னதிலும் இதே அவசரம்தான். உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒதுக்கிய பணத்தைத் தடுத்து வைக்கக் கூடாது என்று 2023 மார்ச் 3ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. உங்கள் வழியாக எங்கள் லயத்துக்கு அது வந்து சேர்ந்த விதமோ "தேர்தல் நிச்சயம், வேலையைத் தொடங்குங்கள்". என் மச்சான் வேட்பாளர். அக்காவின் சங்கிலியை அடகு வைத்து நோட்டீஸ் அடித்தார். தேர்தல் நடக்கவில்லை. நடத்தாதது அடிப்படை உரிமை மீறல், கூடிய விரைவில் நடத்துங்கள் என்று 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பு வந்தபோது "அடுத்த மாசமே" என்றீர்கள். நடந்தது 2025 மே 6. அதற்குள் பழைய வேட்புமனுவும் ரத்தாகிவிட்டது, சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

மத்திய மாகாண சபையின் காலம் 2018இலேயே முடிந்துவிட்டது. அதற்கான தேர்தல் பற்றியும் வழக்கு, தீர்ப்பு என்று பேச்சு வரும்போது தயவுசெய்து நினைவில் வையுங்கள்: விசாரணையில் நீதிபதி கேட்கிற கேள்வி தீர்ப்பு இல்லை, இடைக்கால உத்தரவு இறுதித் தீர்ப்பும் இல்லை. ஊகிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தவளைச் சத்தம் கேட்கிற நாங்களும் ஊகிக்கிறோம், ஆனால் கொப்பியில் எழுதும்போது பக்கத்தில் கேள்விக்குறி போடுகிறோம். நீங்களும் உங்கள் கணிப்பைக் கணிப்பு என்றே சொல்லுங்கள். அப்புறம், உத்தரவில் உண்மையாக என்ன எழுதியிருக்கிறதோ அந்த வரிகளைத் தமிழில் எழுதி, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் வாசித்துக் காட்டுங்கள்.