காஞ்சனபுரி மியூசியம்காரங்களுக்கு ஒரு மடல்: எங்க ஆளுங்க குரலையும் வாங்கி வச்சுக்கோங்க

வணக்கம். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் போர்க்கைதிங்களையும் கூலிங்களையும் வச்சு போட்ட சயாம் (இன்னிக்கு தாய்லாந்து) பர்மா ரயிலோட ஞாபகத்த இத்தன வருஷமா கட்டிக் காத்துட்டு வர்ற காஞ்சனபுரி மியூசியங்களுக்கும், முக்கியமா மேக்லோங் ஆத்தோரத்துல வாட் சைச்சும்போன் கோயில்ல ஜீத் போர் மியூசியத்த நடத்துற சாமிமாருக்கும் இத எழுதுறேன். நான் மலேசியாக்காரன். எங்க குடும்பம் பேராக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல மூணு தலமுறையா பால் மரம் வெட்டுன குடும்பம்.

எங்க தாத்தாவோட தம்பி, அதாவது எங்க சின்னத் தாத்தா, 1943 ஆரம்பத்துல சயாமுக்குப் போனாரு. போனாருன்னு சொல்றோமே தவிர ஆள் பிடிச்சுட்டுப் போனாங்கன்றதுதான் சரி. மொதல்ல ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி, மூணு மாசத்துல திரும்பிடலாம்னு கங்காணிங்க மூலமா சொல்லி பாத்தாங்க, கொஞ்ச பேரு நம்பி பொண்டாட்டி புள்ளயோடயே கெளம்பிட்டாங்க, அதுக்கப்புறம் ஆள் பத்தலைன்னதும் சில தோட்டத்துல ஓசியில படம் காட்டுறோம்னு கூப்புட்டு கதவ பூட்டி அப்படியே லாரியில ஏத்திருக்காங்க. சின்னப் பாட்டி அப்ப ஏழு மாச கர்ப்பம். புருஷன் போனாரு, கடுதாசி இல்ல, சாவு சேதியும் இல்ல. சேதி இல்லாததால அவங்க பொட்டயும் அழிக்கல, தாலியயும் கழட்டல, 1998ல கண்ண மூடுற வரைக்கும் சுமங்கலியாவே இருந்தாங்க. செத்த நாள் தெரியாததால ஆடி அமாவாசைக்குத்தான் திதி குடுக்குறோம், அதுவும் அவங்க போனதுக்கு அப்புறந்தான், அவங்க இருந்தவரைக்கும் குடுக்க விடல.

இது எங்க ஒரு வீட்டு கதைன்னா இவ்வளவு நீளமா எழுதிருக்க மாட்டேன். தாய்லாந்து பான் போங்ல இருந்து பர்மா தன்பியூசயாட் வரைக்கும் 415 கிலோமீட்டர், 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல பாதைய சேத்துட்டாங்க. வேல செஞ்ச போர்க்கைதிங்க 60,000 பேருக்கும் மேல, அதுல 12,000 பேருக்கும் மேல செத்துட்டாங்க. ஆசியத் தொழிலாளிங்க ரெண்டு லட்சம் அளவுக்கு இருந்தாங்க, மலாயாத் தமிழங்க, பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்க, மலாய்க்காரங்க, சீனங்க. அதுல செத்தவங்க 80,000ல இருந்து ஒரு லட்சம் வரைன்னு சொல்றாங்க. பாருங்க, அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல மட்டுமே 20,000 உசுரு இருக்கு. எங்க சின்னத் தாத்தா அந்த இடைவெளியில எங்கயோதான் கெடக்குறாரு.

போர் முடிஞ்ச கையோட 1945ல ஒரு சின்ன குழு அந்த பாத நெடுக போய் 144 இடத்துல பத்தாயிரத்துக்கும் மேல கைதிங்களோட கல்லறைய கண்டுபுடிச்சிருக்காங்க, எப்படி முடிஞ்சதுன்னா கைதிங்க உசுர பணயம் வச்சு யார் எங்க செத்தான்னு ரகசியமா எழுதி வச்சிருந்தாங்க. இன்னிக்கு காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்துல கிட்டத்தட்ட 7,000 பேரு பேரோட படுத்திருக்காங்க, அத பாக்குறப்ப எனக்கு பொறாமை இல்ல, மனசு நெறஞ்சுதான் போச்சு, ஒவ்வொருத்தனும் யாருக்கோ புள்ள. ஆனா எங்காளுங்க கேம்புல எழுதி வைக்க யாருமில்ல. ஆபீசர் இல்ல, மொதல்ல டாக்டரும் இல்ல, முக்காவாசி பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 1943 மழக்காலத்துல காலரா வந்தப்போ கொத்துக்கொத்தா போனாங்க. அந்தக் கூலி கேம்பு எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு நமக்கு தெரியுறதுல பெரும்பகுதி, அங்க அனுப்பப்பட்ட வெள்ளக்கார கைதி டாக்டருங்களும் பக்கத்து கேம்புல இருந்த கைதிங்களும் எழுதி வச்சதால தெரியுறது. அவங்களுக்கு நாங்க கடன்பட்டிருக்கோம்.

1945 குழுவுக்கு மொழிபெயர்ப்பாளரா போனவரு நகாசே தகாஷின்னு ஒரு ஜப்பான் ராணுவ ஆளு. அந்த கல்லறைங்கள பாத்த மனுஷன் அப்புறம் வாழ்நாள் முழுக்க காஞ்சனபுரிக்கு வந்து வந்து பிராயச்சித்தம் தேடுனாரு. 1993ல எரிக் லோமாக்ஸ்ன்னு ஒரு பிரிட்டிஷ் கைதி, சித்திரவதை நடந்தப்போ இவரோட குரல கேட்டுட்டே கெடந்தவரு, நேர்ல வந்து இவர சந்திச்சாரு, மன்னிச்சாரு. அந்த சந்திப்பு உங்க ஊர் மண்ணுலதான் நடந்துச்சு. சமரசம்னு நீங்க சொல்றப்ப அது வெறும் வாய் வார்த்த இல்லன்னு எனக்கு தெரியும், அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன். மன்னிப்பு கேக்குறதுக்கும் குடுக்குறதுக்கும் ரெண்டு பக்கமும் முகம் வேணும் இல்லையா? எங்க சின்னப் பாட்டிய தேடி யாரு வந்து மன்னிப்பு கேட்டிருப்பாங்க, அவங்க யாருக்குமே தெரியாதவங்க.

ஜீத்ங்கற பேரே ஜப்பான், இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, தாய்லாந்து, ஹாலந்து இதுங்களோட இங்கிலீஷ் மொத எழுத்த சேத்து வச்சதுதானே. 1977ல ஆரம்பிச்சப்ப தேடி வந்தவங்க கைதிங்களும் அவங்க குடும்பமும், அதனால அந்தப் பேரு. பேர மாத்துங்கன்னு நான் கேக்கல. ஆனா அதிகமா செத்தவங்க எவனுக்கும் அதுல ஒரு எழுத்து இல்லன்றத மட்டும் ஒரு நிமிஷம் நெனச்சுப் பாருங்க. ஜப்பான் ராணுவமே 1944ல காஞ்சனபுரியில கட்டுன நினைவுச் சின்னத்துல தமிழ்ல ஒரு கல்வெட்டு வச்சிருக்கு, வேல வாங்கி சாகடிச்சவனுக்கே அங்க தமிழன் செத்தான்னு தெரிஞ்சிருக்கு. 2023ல வாட் தாவோன் கோயில்ல தமிழங்களுக்குன்னு நடுகல்லும் வந்துருச்சு. கல்லு இருக்கு, கும்பிட இடம் இருக்கு, இனிமே வேண்டியது கத.

ரயில் பாதைக்காக மலைய வெட்டுன ஹெல்ஃபயர் பாஸ்ல ஹெட்போன் மாட்டிட்டு அந்தப் பாறை வெட்டுக்குள்ள நடந்தா அங்க வேல செஞ்ச கைதிங்களே பேசுறாங்க, நான் பாதி வழியில அப்படியே உக்காந்துட்டேன். அது மாதிரி எங்க ஆளுங்க குரலும் ஒரு மூலையிலயாவது கேக்கணும். தமிழ்ல, மலாய்ல, பர்மிய மொழியில, ஜாவா மொழியில. உசுரோட திரும்புனவங்க இனிமே அனேகமா இல்ல, ஆனா அவங்க புள்ளைங்க இருக்காங்க, இன்னும் பத்து வருஷம் கழிச்சு அவங்களும் இருக்க மாட்டாங்க. வருஷத்துல ஒரு வாரம் ரெக்கார்டு பண்ண ஒரு ரூம் ஒதுக்கி குடுங்க, மலேசியாவுல இருந்து குடும்பங்கள திரட்டி கூட்டிட்டு வர்ற வேல எங்களோடது, மொழிபெயர்த்து குடுக்குறதும் எங்களோடது. யாராவது ஒரு பேர் சொன்னா அத ஒரு பேரேட்டுல ஏத்துங்க. தோட்டத்து பேரு, ஆளு பேரு, அவ்வளவு போதும். தேதி கேக்காதீங்க, அது எங்ககிட்ட இல்ல.

எங்ககிட்ட 1991ல எடுத்த ஒரு கேசட் இருக்கு, சின்னப் பாட்டி அவரு கெளம்பிப் போன நாள சொல்றாங்க, நடுவுல பேச்சு நின்னு கொஞ்ச நேரம் கோழி சத்தம் மட்டுந்தான் கேக்கும். அத காப்பி பண்ணி தர்றேன். அவங்க வயித்துல இருந்த புள்ளதான் எங்க பெரியப்பா, 80 தாண்டிட்டாரு, அப்பா மொகமே பாக்காதவரு. வர்ற ஆடி அமாவாசைக்கு அவர அங்க கூட்டிட்டு வர்றதா இருக்கோம், ஆத்துல திதி குடுத்துட்டு நேரா உங்ககிட்ட வருவோம். ரெக்கார்டர் எடுத்து வைங்க. அவருக்கு கொஞ்சம் காது மந்தம், பக்கத்துல உக்காந்து சத்தமா கேளுங்க, சொல்லுவாரு.