கேன்சர் வார்டை ஒதுக்கி வெச்ச தோழர்களுக்கு

தோழர்களே, வணக்கம்.

எங்க வீட்டு அலமாரில இருந்த ரஷ்யா முழுக்க அப்பா நியூ செஞ்சுரி புத்தகக் கண்காட்சில இருந்து அள்ளிட்டு வந்தது. டால்ஸ்டாய், கார்க்கி, செகாவ், ஐத்மாத்தவ்னு எல்லாமே மாஸ்கோல அச்சான தமிழ்ப் புத்தகம். அந்த வரிசையில 'கேன்சர் வார்டு' நாவலை எழுதின ரஷ்ய எழுத்தாளர் சோல்செனித்சின் மட்டும் கிடையாது. ஏன்னு கேட்டா உங்ககிட்ட இருந்து ஒரே பதில்தான், துரோகி. அப்பாவுக்குத் தொண்டையில கட்டின்னு டாக்டர் சொல்ற வரைக்கும் நானும் அதையேதான் நம்பிட்டு இருந்தேன்.

கதிர்வீச்சு குடுக்குற இடத்துக்குக் கழுத்துல ஊதா மைல கோடு போட்டு விட்டிருந்தாங்க, அது அழியக் கூடாதுன்னு ஈரத்துண்டால சுத்தி சுத்தித் தொடச்சு விடுவேன். ராத்திரி தூக்கம் வராது அவருக்கு. அப்பதான் இங்கிலீஷ்ல கெடச்ச 'கேன்சர் வார்டு' நாவலைக் கையில வெச்சுகிட்டு, எனக்குத் தெரிஞ்ச தமிழ்ல சொல்லிச் சொல்லி வாசிச்சேன்.

அந்தக் கதை சோல்செனித்சின் உடம்புல நடந்தது தோழர். 1945-ல போர்முனையில வெச்சே கைது பண்றாங்க, நண்பனுக்கு எழுதின கடிதத்துல ஸ்டாலினைக் குறை சொன்னாருன்னு. எட்டு வருஷம் சிறை, முகாம், அப்புறம் கஜகஸ்தான்ல ஒரு மூலைக்கு நாடு கடத்தல், அங்க இருந்து 1954-ல சாகக் கிடந்த நிலையில தாஷ்கண்ட் ஆஸ்பத்திரி. நாவல்ல வர்ற கோஸ்தகுளோத்தவ் பெரும்பாலும் அவரேதான். அதே வார்டுல ருசானவ்னு ஒரு அதிகாரி, ஆளுங்களோட ஃபைலைப் பாத்துகிட்டே காலம் தள்ளினவன், பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக் குடுத்தவன். அவனுக்கும் கழுத்துலதான் கட்டி. ஸ்டாலின் செத்து ரெண்டாவது வருஷ நாள் அன்னிக்குப் பேப்பரைப் பிரிச்சா எதிர்பார்த்த படமும் இல்ல அஞ்சலியும் இல்ல, அவன் அடிவயிறு கலங்குது, அவன் காட்டிக் குடுத்த ஆளு விடுதலையான சேதி வேற அவனை அரிச்சுகிட்டிருக்கு.

அப்பாவுக்கு அப்போ குரல் கம்மிப் போய் நோட்டுல எழுதித்தான் காட்டுவார். இந்த இடத்துல நிறுத்தச் சொல்லிட்டு எழுதினார், "இவனை மாதிரி ஆளோட நான் ஒரே கமிட்டில உக்காந்திருக்கேன்."

நீங்க சோஷலிசத்துக்கு எதிரான புத்தகம்னு சொல்றீங்க. ஷுலுபின் பேசுற இடத்தைப் படிச்சுட்டுச் சொல்லுங்க. இருபத்தஞ்சு வருஷமா பயந்து வாயை மூடிகிட்டே இருந்த கிழவர், குடலே அழுகிப் போயிருக்கு, ஆபரேஷனுக்கு முன்னாடி தோட்டத்து பெஞ்சுல உக்காந்து கோஸ்தகுளோத்தவ் கிட்ட சொல்றார், இத்தனை கொடுமைக்கும் சோஷலிசத்தைக் குறை சொல்லிடாத, அறத்து மேல நிக்கிற ஒரு சோஷலிசம் வேணும்னு. சொல்லப்போனா நம்ம கூட்டத்துல கேட்ட எந்தப் பேச்சையும் விட அது எங்கப்பாவை அழ வெச்சுது.

ஆசிரியர் பின்னாடி பேசின பல அரசியல் எனக்கும் ஒத்துக்காதுதான். அதுக்காக இந்த நாவலைத் தள்ளணுமா? துவர்தோவ்ஸ்கி, அவரு கட்சிக்காரர்தான், தன்னோட 'நோவி மிர்' பத்திரிகைல போட்டே ஆகணும்னு போராடினார், சோவியத் எழுத்தாளர் சங்கம் விடல. 1968-ல வெளிநாட்டுல வந்துச்சு, 1969-ல ஆசிரியரைச் சங்கத்துல இருந்தே நீக்கினாங்க. கடைசில 1990-ல அதே 'நோவி மிர்'லயே நாவல் வந்துடுச்சு, அந்த ஊரே படிச்சுது. நாம மட்டும் இன்னும் எதுக்குக் கதவைச் சாத்தி வெச்சிருக்கோம்?

அடுத்த மாசம் வாசகர் வட்டத்துல இதை எடுத்துப் பேசணும்னு கேட்டுக்கிறேன். அப்பாவோட பிரதி எங்கிட்டதான் இருக்கு, ஷுலுபின் பக்கத்துல அவரு விரல்ல ஒட்டியிருந்த ஊதா மை லேசா பட்டிருக்கும். யாருக்கு வேணும்னாலும் வந்து எடுத்துட்டுப் போங்க, படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க.