குரலைக் குழைத்துக்கொள்ளாதே

அன்புள்ள கண்ணம்மா,

“ராக் பாடுகிற நான் குழந்தைகள் படத்துக்குப் பாடினால் எடுபடுமா அம்மா?” என்று நேற்று போனில் கேட்டாய். உடனே பதில் சொல்ல வரவில்லை. இரவு, நீ எப்போதோ அனுப்பிய பாட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். கேரன் ஓ பாடிய ‘ஆல் இஸ் லவ்’. மூன்று நிமிடம்கூட முழுதாக ஓடாத பாட்டு. நான்கு முறை கேட்டுவிட்டேன்.

2009-இல் ஸ்பைக் ஜோன்ஸ் எடுத்த ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ படத்தின் பாட்டு அது. மாரிஸ் செண்டாக்கின் 1963-ஆம் ஆண்டுப் படக்கதைதான் மூலம். அதை உனக்கு எத்தனை இரவு படித்துக் காட்டியிருப்பேன்!

கேரன் ஓ யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க்கின் யே யே யேஸ் குழுவில் தொண்டை கிழியக் கத்துகிறவர். மேடையில் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அண்ணாந்து பீய்ச்சுகிறவர். குழந்தைகள் படம் என்பதற்காக அவர் குரலைக் குழைத்துக்கொண்டாரா? இல்லையே. பாட்டுப் பயிற்சி இல்லாத குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்களோடு அவர்களாகக் கத்துகிறார். ஆங்கிலத்தில் ‘லவ்’ என்பதை எழுத்துக்கூட்டிப் பாடும் இடத்தை மறுபடி கேட்டுப் பார். பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் எழும் இரைச்சல் அது. பாட்டை அவரோடு சேர்ந்து எழுதியவர்கூட அதே குழுவின் கிதார்காரர் நிக் சின்னர்தான். பாட்டு கிராமி இசை விருதுப் பரிந்துரை வரைக்கும் போனது என்பதெல்லாம் அப்புறம்.

பெரியவர்கள் மழலை பேசிப் பாடும் பாட்டுகள் எனக்கு என்றுமே பிடித்ததில்லை. எந்தக் குழந்தை அப்படிச் சந்தோஷப்படுகிறது? உனக்கு ஐந்து வயதிருக்கும். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குவளையால் அதை அடித்து, சொல்லே இல்லாத பாட்டு ஒன்றை உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தாய். வேலை மிகுதியில் நான் ஓர் அதட்டல் போட்டேன். சத்தம் நின்றது. வாளியை நிமிர்த்தி, குவளையை அதன் விளிம்பில் மாட்டிவிட்டு, தலையைக் குனிந்தபடி வெளியே வந்தாய். அந்தக் குனிந்த தலை நேற்றிரவு நினைவுக்கு வந்து என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தப் படத்தில் மேக்ஸ் என்ற சிறுவன் அம்மாவைக் கடித்துவிட்டு, பூதங்கள் வாழும் தீவுக்கு ஓடிப்போகிறான். கடைசியில் திரும்பி வந்து சாப்பிடும்போது, எதிரே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டே அவள் தூங்கிப்போகிறாள். கடித்ததும் அந்தப் பிள்ளைதான், பூதங்களோடு கும்மாளம் போட்டதும் அவன்தான். ஆகவே உன் முரட்டுக் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள் என்று நினைக்காதே.

நாளைக்கே ஒப்புக்கொண்டுவிடு. பாடி முடித்ததும், யாரும் அதைத் திருத்திச் சீராக்குவதற்கு முன்பே எனக்கு அனுப்பு. நடுவில் உனக்குச் சிரிப்பு வந்திருந்தால் அதையும் வெட்டாமல் அனுப்பு. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா