வேத வாசிப்பு வட்டம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, தலைமையும் தியாகமும் பற்றி யூத உரையாசிரியர்கள் வேதாகமத்தை விளக்கிச் சொன்னவற்றை இவ்வாண்டு வாசித்தோம். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது யாத்திராகமம் 5:14. செங்கல் கணக்கு குறைந்ததற்காக, பார்வோனின் ஆளோட்டிகள் (வேலை வாங்கும் மேற்பார்வையாளர்கள்) இஸ்ரவேலரிலிருந்தே நியமிக்கப்பட்ட தலைவர்களை அடிக்கிறார்கள். பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த ராஷி (1040–1105) இதற்குக் காரணம் சொல்கிறார்: அத்தலைவர்கள் தங்கள் மக்கள்மேல் இரக்கப்பட்டு, அவர்களை விரட்டாமல் விட்டார்கள், குறைந்த கல்லுக்கு முதுகில் அடி வாங்கினார்கள். எண்ணாகமம் 11:16-ல் மோசேக்குத் துணையாக எழுபது மூப்பர் தேவைப்பட்டபோது, எகிப்தில் அடிபட்ட அவர்களையே தேர்ந்தெடுக்கக் கடவுள் சொன்னதாக ராஷி உரை எழுதுகிறார். அடி முதலில், பதவி பிறகு. பதவி வருமென்று எண்ணி அவர்கள் முதுகைக் கொடுக்கவில்லை என்பதுதான் என்னை உலுக்கியது. கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர், “கான்ட்ராக்டர்கிட்ட ஏச்சு வாங்குவேன், அதை ஆளுங்க மேல இறக்க மாட்டேன். ஆனா அடி வாங்கினதில்லை” என்றார். அன்று கூட்டம் முடிய இரவு வெகுநேரமாயிற்று.

மக்கள் பொன் கன்றுக்குட்டியை வணங்கிப் பாவம் செய்த பகுதியில் (யாத்திராகமம் 32) கருத்து வேறுபாடு எழுந்தது. ‘என் பேரைக் கிறுக்கிப்போடும்’ என்று மோசே மன்றாடுவது ஏன்? மக்களுக்காக இரக்கம் பெற்றுத்தரத் தகுதியற்றவன் என்று பேர் வரக்கூடாதென்பதற்காக என்கிறார் ராஷி. அவர்களுக்கு வரும் தண்டனையைத் தன்மேல் ஏற்கவே என்கிறார் ஸ்பெயினின் ஜெரோனா நகரைச் சேர்ந்த உரையாசிரியர் ராம்பன் (1194–1270). பலர் ராம்பன் பக்கம் நின்றனர், நானும்தான். பாவம் செய்தவன் பேரையே நீக்குவேன் என்று கடவுள் மறுத்துவிடுகிறார். அந்த மறுப்பையும் சேர்த்தே வாசிக்க வேண்டுமென்று தலைவர் வற்புறுத்தியது சரியே.

யூத ரபிகளின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய தல்மூதிலிருந்து இரண்டு இடங்களையும் பார்த்தோம். செங்கடலில் முதலில் குதித்த நகசோன் கதை சோத்தா பகுதியில் வருகிறது. அமலேக்குப் போரில் மோசே மெத்தையில் அமராமல் கல்லில் அமர்ந்ததற்கு, மக்கள் துன்பத்தில் இருக்கையில் தானும் அதில் இருக்க விரும்பினார் என்று தானீத் பகுதி காரணம் கூறுகிறது.

பென்யமீனுக்குப் பதிலாகத் தன்னை அடிமையாக ஒப்புக்கொடுத்த யூதாவின் பகுதிக்கு நேரம் போதவில்லை. வரும் ஆண்டை ஆதியாகமம் 44-லிருந்து தொடங்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்