14ஆம் பக்கத்தில் ஒரு தவறான எண்: சாகச மாடல் விமானம் குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கையேட்டில் சிஜி (விமானம் சமநிலையில் நிற்க வேண்டிய புள்ளி), எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி எவ்வளவு மென்மை என்ற அமைப்பு) அளவுகள் தவறாக இருந்ததால் விமானம் சேதமடைந்தது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடம் வாங்கிய ரிமோட் சாகச விமானம் முதல் பறப்பிலேயே தரையில் மோதியது. படங்களோடு புகார் அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: “ஓட்டியவரின் தவறு.” அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது.

கையேட்டின் 14ஆம் பக்கத்தில், சிஜி, இறக்கை உடலோடு சேரும் அடிப்பகுதியில் முன்விளிம்பிலிருந்து 156 மி.மீ. என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அப்படியே செய்தேன். பேட்டரியை உள்ளே வைத்து, உடற்பகுதியை ஒட்டி இரண்டு பக்கமும் 156இல் டேப் ஒட்டி, விரல் நுனியில் தூக்கிப் பார்த்தேன். மூக்கு தாழ்ந்தது. பேட்டரியைத் தட்டின் பின்கோடி வரை தள்ளியதும் தராசு போல நின்றது. வலது இறக்கை கொஞ்சம் கனமாக இருந்தது. இடது நுனியில் சிறு ஈயத்துண்டு ஒட்டிச் சரிசெய்தேன். சர்வோ (மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்) கைகளை நடுநிலையில் செங்கோணத்தில் மாட்டி, எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) இரண்டு பாதியும் ஒரே அளவு அசைகிறதா என்று அளவுகோல் வைத்துப் பார்த்தேன். லோ ரேட்டில் (மடல் குறைவாக அசையும் அமைப்பில்) 12 டிகிரி. இதில் ஒன்றையும் கண் மதிப்பில் விடவில்லை.

சக்கரம் தரையை விட்டதும் மூக்கு தானாக மேலே கிளம்பியது. ஸ்டிக்கை ஒரு நூலளவு தள்ளினால் குப்புறப் பாய்கிறது, ஒரு நூலளவு இழுத்தால் வானத்தைப் பார்த்து நிற்கிறது. ட்ரிம்மை (ஸ்டிக்கின் நடுநிலையைத் திருத்தும் பொத்தான்) தட்டிக்கொண்டே எப்படியோ ஒரு சுற்று கொண்டுவந்துவிட்டேன். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்த இடத்தில் இடது இறக்கை சட்டென்று சரிந்தது. அரைச் சுற்று சுற்றிக்கொண்டு விழுந்தது. ப்ரொப்பெல்லர் போனது, லேண்டிங் கியர் பலகை பிய்ந்து வந்தது, மோட்டார் மாட்டும் முன்பலகையில் விரிசல். வால் கனமான விமானம் எப்படிப் பறக்கும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் இந்த ஒரு நிமிடம் போதும்.

அன்று இரவு உடைந்த துண்டுகளோடு உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்துப் படத்தில் அதே சிஜி 126 மி.மீ. என்று இருக்கிறது! சரி, எது உண்மை? இறக்கையையே அளந்தேன். அடிப்பகுதி அகலம் 400 மி.மீ., நுனி அகலம் 220 மி.மீ., நுனியில் முன்விளிம்பு 60 மி.மீ. பின்வாங்குகிறது. கணக்குப் போட்டால் சராசரி நாண் (இறக்கை முழுவதற்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் முன்-பின் அகலம்) சுமார் 319 மி.மீ. அதன் முன்விளிம்பு அடிப்பகுதியின் முன்விளிம்பைவிடச் சுமார் 27 மி.மீ. பின்னால் இருப்பதால் அதைக் கழித்துப் பார்த்தேன். 126 என்றால் அதில் 31 சதவீதம். இந்த வகை விமானத்துக்கு நல்ல இடம். 156 என்றால் 40ஐத் தாண்டிவிடுகிறது. இந்தக் கணக்கைப் பறக்கவிடும் முன்பே போட்டிருக்கலாமே என்பீர்கள். போட்டிருக்கலாம்தான். ஆனால் தடித்த எழுத்தில் எண்ணை அச்சடித்துக் கொடுத்தவர்கள் அதைக் கேட்கக் கூடாது.

அப்புறம் எக்ஸ்போ. எலிவேட்டருக்கு மைனஸ் 30 என்று எழுதியிருக்கிறீர்கள். சில டிரான்ஸ்மிட்டர்களில் (கையில் பிடிக்கும் ரிமோட்) மைனஸ் போட்டால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகும். வேறு சிலவற்றில் பிளஸ்தான் மென்மையாக்கும், மைனஸ் முரட்டுத்தனத்தைக் கூட்டும். இந்தக் கிட்டோடு நீங்களே சேர்த்து விற்ற டிரான்ஸ்மிட்டர் இரண்டாவது வகை. ஏற்கெனவே துள்ளுகிற விமானத்துக்குச் சாட்டையையும் கொடுத்தது போலாகிவிட்டது.

சொந்தச் செலவில் ஒட்டிச் சீர்செய்து, 126இல் வைக்கப் பார்த்தேன். 550 கிராம் பேட்டரியைத் தட்டின் முன்கோடிக்குத் தள்ளியும் போதவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் 105 கிராம் ஈயம் கட்ட வேண்டியிருந்தது. எக்ஸ்போவைப் பிளஸ்ஸுக்கு மாற்றினேன். இப்போது 45 டிகிரியில் ஏறவிட்டு, தலைகீழாகப் புரட்டி, ஸ்டிக்கை விட்டால் கொஞ்ச தூரம் நேராக ஓடி மெல்லத் தரைப்பக்கம் வளைகிறது. சிஜி சரியாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். ஓட்டுவது அதே ஆள், அதே கை.

எனக்குப் புதிய உடற்பகுதியும், பேட்டரி முன்னால் போகும்படி நீளமான தட்டும் அனுப்புங்கள். சுமந்து திரியும் ஈயத்தைக் கழற்ற வேண்டும். இந்தக் கிட்டை வாங்கிய எல்லோருக்கும் திருத்தத்தை மின்னஞ்சலில் தெரிவியுங்கள். இன்னும் பெட்டியைப் பிரிக்காதவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு இது அவசரம். என் புகார்ப் பதிவில் உள்ள “ஓட்டியவரின் தவறு” என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். 15 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

கையேட்டின் இரண்டு பக்கங்கள், சேதப் படங்கள், நாண் கணக்கு எழுதிய தாள் ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்