தோளை இறக்கிப் போடத் தமிழில் சொல்லித் தாருங்கள்: இந்திய நற்பணிச் செயற்குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ச் சமூக மன்றங்களின் இந்திய நற்பணிச் செயற்குழுக்களில் ஊதியம் எதிர்பாராமல் உழைக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நீங்கள் எடுக்கும் விழாக்களில் முதியவர்களை முன்வரிசையில் அமர்த்துகிறீர்கள். அவர்களுக்குப் பக்கத்து நாற்காலியில், ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் மருந்துப் பையுமாக, மேடையைப் பார்க்காமல் அந்த முதியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மகளையோ மருமகளையோ மகனையோ நீங்கள் கவனித்திருக்கக்கூடும். அந்தப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்களுக்காகவே இம்மடலை எழுதுகிறேன். மூச்சோடு இணைத்து உடலை மெதுவாக அசைக்கும் சீனப் பயிற்சியான சீகோங் முதலான அசைவுத் தியானப் பயிற்சிகளை, தமிழ் பேசும் பயிற்றுநரைக் கொண்டு, நம் அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளத்திலேயே கற்றுத்தர நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நான் 31 ஆண்டுகள் தாதியாகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள். அதன்பின் 6 ஆண்டுகள், முதுமைமறதி கண்ட என் தாயாரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். நோயாளியைப் பார்த்துக்கொள்வது எனக்குப் புதிதன்று. ஆனால் வேலை முடிந்து சீருடையைக் கழற்றும் நேரம் என்ற ஒன்று வீட்டில் இல்லை என்பது எனக்குப் புதிது. இரண்டாம் ஆண்டிலேயே இரவு 3 மணிக்கு விழிப்பு வரத் தொடங்கிவிட்டது. உறக்கத்தில் பல்லைக் கடிப்பதால் காலையில் தாடை வலித்தது. தோள்கள் காதருகே ஏறி நிற்பதை ஒருநாள் மின்தூக்கியின் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மருத்துவர் மன உளைச்சல் என்றார். தியானம் செய்யச் சொன்னார். ஒரு வகுப்பில் சேர்ந்தேன். கண்ணை மூடியதும், மதிய மாத்திரை கொடுத்தாயிற்றா, வாசற்கதவைப் பூட்டினோமா, அம்மா அடுப்பைத் திறந்திருப்பாரோ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அசையாமல் அமர்ந்திருந்த 20 நிமிடமும், அச்சத்தோடு ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட 20 நிமிடமாகவே கழிந்தது. மூன்றாம் வாரம் நின்றுவிட்டேன். தியானம்கூட நமக்கு வரவில்லையே என்ற குறையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

எங்கள் புளோக்கின் கீழே நாள்தோறும் காலை 7 மணிக்குப் பத்துப் பன்னிரண்டு சீன மூதாட்டியர் கூடிச் சீகோங் செய்வார்கள். அம்மா விடியலிலேயே எழுந்துவிடுவார் என்பதால், அவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்திக் கீழே கொண்டுவந்து, சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசையருகே இருந்துகொண்டு பல மாதம் அவர்களை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஒருநாள் எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், என் கையைப் பிடித்து எழுப்பித் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அன்று அவர்கள் செய்தது பா துவான் ஜின் எனப்படும் எட்டு அசைவுகளின் தொகுப்பு. ‘எட்டுத் துண்டுப் பட்டு’ என்று அதற்குப் பொருள். முதல் அசைவில் இரு கைவிரல்களையும் அடிவயிற்றுக்கு முன்னால் கோத்து, மார்புவரை உயர்த்தி, உள்ளங்கைகளைத் திருப்பி, வானத்தைத் தாங்குவதுபோல் தலைக்குமேல் மெல்ல ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு கைகளைப் பிரித்து இருபக்கமும் வட்டமாக இறக்க வேண்டும். கை ஏறும்போது மூச்சு உள்ளே வருகிறது, இறங்கும்போது வெளியே போகிறது. பார்ப்பதற்கு இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்து முடிக்க, விரல் எங்கே இருக்கிறது, உடலின் எடை எந்தப் பாதத்தில் இறங்குகிறது, மூச்சு எந்தப் பக்கம் போகிறது என்று மனம் உடலோடேயே இருந்தாக வேண்டும். அன்றும் மதிய மாத்திரை நினைவுக்கு வந்தது. வந்ததும் கை தாழ்ந்துவிட்டது. கை தாழ்ந்ததைக் கண்டு மனம் தானே திரும்பி வந்தது. கண்ணை மூடி உட்கார்ந்தபோது எனக்குக் கிடைக்காத பிடிமானம் இதுதான். உளைச்சலில் இருப்பவரை ‘சும்மா இரு’ என்று சொல்வதைவிட, கைக்கும் காலுக்கும் மெதுவான ஒரு வேலையைக் கொடுப்பது பலருக்கு எளிதாக இருக்கும் என்று அந்த அனுபவத்திலிருந்து நம்புகிறேன்.

சீகோங் என்ற சொல்லில் ‘சீ’ என்பது மூச்சையும் உயிராற்றலையும், ‘கோங்’ என்பது விடாமல் பழகிக் கைவரும் திறனையும் குறிக்கும். இத்தகைய பயிற்சிகள் மிகப் பழையவை. சீனாவின் ஹுனான் மாநிலத்தில் மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973ல் அகழ்ந்தபோது கிடைத்த பட்டுத்துணி ஓவியத்தில், கையை நீட்டியும் உடலை வளைத்தும் நிற்கும் 44 உருவங்கள் இருக்கின்றன. ஆண்களும் பெண்களும், இளையவர்களும் முதியவர்களுமாக. எனினும் சீகோங் என்ற பொதுப்பெயர் இவற்றுக்கெல்லாம் பரவலானது, சீன மருத்துவ நிலையங்கள் இவற்றைச் சிகிச்சையாகக் கையிலெடுத்த 1950களில்தான். பின்னர் 2003ல் சீன அரசின் விளையாட்டுத் துறை நான்கு தொகுப்புகளை வரையறுத்து வெளியிட்டது. பா துவான் ஜின் அவற்றுள் ஒன்று.

உடலுக்குள் நடப்பது என்ன என்பதை ஒரு தாதியாகச் சொல்ல விரும்புகிறேன். ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவது இயல்பு. மெதுவான அசைவோடு மூச்சை இணைக்கும்போது அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறையும். மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைத் தொட்டபடி மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள்: மூச்சு உள்ளே வரும்போது நாடி சற்று விரைந்து, வெளியே போகும்போது தணியும். இளையவர்களிடம் இது தெளிவாகத் தெரியும், வயதானவர்களிடம் மங்கலாகத்தான் இருக்கும். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பை அடக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது என்பதே நாடி தணிவதற்குக் காரணம். ஆபத்து வந்துவிட்டது என்று நாள் முழுவதும் அட்ரினலின், கார்ட்டிசோல் என்னும் உளைச்சல் சுரப்புநீர்களைச் சுரந்துகொண்டிருக்கும் உடலுக்கு, ஆபத்து விலகியது என்று நாமே அனுப்பக்கூடிய செய்தி இது. மாத்திரையால் உறங்க வைக்கலாம். ஆனால் விழித்திருக்கும்போதே உடலைத் தணித்துக்கொள்ளும் பழக்கத்தை எந்த மாத்திரையும் தருவதில்லை.

ஆய்வுகளைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உடல் முழுவதும் வலிதரும் ஃபைப்ரோமயால்ஜியா நோய் கண்ட 66 பேரிடம் அமெரிக்காவில் நடந்து, 2010ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், சீகோங்குக்கு நெருங்கிய உறவான தைச்சியை 12 வாரம் பழகியவர்களுக்கு வலியோடு உறக்கமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சீரடைந்தன. சீகோங் பற்றிய ஆய்வுகளில் பல மிகச் சிறியவை. எந்தப் பிரிவில் சேர்க்கப்பட்டோம் என்பது பங்கேற்பவருக்குத் தெரிந்துவிடுவதால், நம்பிக்கையின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பதற்றமும் உளைச்சலும் ஓரளவு குறைகின்றன என்பதற்குச் சான்று உண்டு. புற்றுநோயைத் தீர்க்கும், நீரிழிவை விரட்டும் என்பதற்கு இல்லை. இந்த எல்லைக்குள் நின்று பேசுவோரையே நீங்கள் பயிற்றுநராக அழைக்க வேண்டும்.

இனி, எதற்குத் தமிழில் என்ற கேள்வி. நான் சேர்ந்த குழுவில் வழிநடத்துபவர் மாண்டரினில் அடிக்கடி ‘ஃபாங்சோங்’ என்பார். தளர்த்திக்கொள், இறுக்கத்தை விடு என்று அதற்குப் பொருள். பயிற்சியின் உயிரே அந்தச் சொல்தான். அது புரியாத நான், அவர் குரல் கேட்டதும் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று எண்ணி, முதல் சில வாரமும் தோளை இன்னும் விறைப்பாக்கிக்கொண்டே நின்றேன். அசைவைக் கண்ணால் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். தளர்வதைப் பார்த்துப் படிக்க முடியாது. காதில் விழும் சொல் வழியாகத்தான் அது உடலுக்குள் இறங்கும்.

தமிழிலும் எந்தச் சொல் என்பது முக்கியம். ‘மூச்சை இழுங்கள்’ என்று சொல்லிப் பாருங்கள்: எல்லாரும் மார்பை விரித்துத் தோளைத் தூக்கிக் கயிறு இழுப்பதுபோல் இழுப்பார்கள். ‘மூச்சு வரட்டும்’ என்றால் வயிறு மெல்ல எழும்புகிறது. ‘தளர்வடையுங்கள்’ என்றால் பாட்டிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். ‘தோளை இறக்கிப் போடுங்க’ என்றால் மறுகணமே தோள் இறங்குகிறது. நாள் முழுவதும் சுமந்த பையை வீட்டுக்கு வந்து இறக்கிப் போட்டவர்களுக்கு அந்தச் சொல் உடம்போடு ஒட்டியது. நான் பார்த்த எந்தப் பயிற்சிக் காணொளியிலும் இத்தகைய தமிழ் இல்லை. இதை நம்மவர் ஒருவர் பழகி, நம்மவருக்குச் சொல்லித்தந்தால்தான் அமையும்.

நம்மிடம் யோகாசனம் இருக்கும்போது சீனப் பயிற்சி எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். யோகாசனத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, படுத்து, மீண்டும் எழுந்திருக்க வேண்டிய வகுப்புக்கு, முழங்கால் தேய்ந்த 70 வயதுப் பெண்மணி வரமாட்டார். வந்தாலும், எழுந்திருக்கும்போது பிறர் கை கொடுக்க வேண்டியிருக்கும் என்று கூசி மறுவாரம் நின்றுவிடுவார். சீகோங்கைச் சேலையிலேயே, செருப்போடு, நின்றபடியே செய்யலாம். நிற்க முடியாதவர் நாற்காலியில் இருந்தபடி செய்யலாம். என் அம்மா அப்படித்தான் செய்தார். என் பெயரையே மறந்துவிட்ட காலத்தில், நாங்கள் வானம் தாங்குவதற்குக் கையை உயர்த்தியபோது, மடியில் கிடந்த துண்டின் இரு முனைகளையும் பிடித்து அவரும் மெல்லத் தலைக்குமேல் உயர்த்தினார். ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளிலிருந்து சக்கர நாற்காலியைக் கல் மேசையருகே விடாமல் வரிசைக்குள் இழுத்து நிறுத்தினார்.

இன்னொரு பேச்சும் எழும் என்பதை அறிவேன்: இது காஞ்சிபுரத்திலிருந்து பௌத்தத் துறவி போதிதருமர் சீனாவுக்குக் கொண்டுபோனதுதானே, நம்முடையதுதானே என்பது. அவர் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகர் என்று சொல்லும் குறிப்பும் உண்டு. அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூலைப் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகவே வரலாற்றாய்வாளர்கள் கருதுகிறார்கள். மாவாங்துய் ஓவியமோ அவர் காலத்துக்கு அறுநூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அண்டை வீட்டார் மனமுவந்து கற்றுத்தருவதை அவர்களுடையது என்று ஒப்புக்கொண்டு பெறுவதில் நமக்குக் குறைவு ஒன்றும் இல்லை. வகுப்பு விளம்பரத்தில் இந்த உரிமைப் பேச்சைத் தவிர்த்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொற்கள். 1980களில் சீனாவில் ‘சீகோங் காய்ச்சல்’ என்றே பெயர்பெற்ற ஓர் அலை எழுந்தது. தொடாமலே நோய் தீர்ப்பதாகச் சொல்லிக்கொண்ட ஆசான்களின் பின்னால் பெருங்கூட்டம் போயிற்று. அளவுமீறிப் பழகிச் சிலருக்கு மனம் பேதலித்ததும் மருத்துவர்களின் பதிவுகளில் இருக்கிறது. எனவே கடுமையான மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரைக் கேட்டுவிட்டே சேர வேண்டும். எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோயோ கண்ணழுத்த நோயோ உள்ளவர்கள், குனிந்து பாதத்தைத் தொடும் ஆறாம் அசைவைத் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தம் குறைந்ததுபோல் தோன்றுகிறது என்று எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்பதை ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் சொல்லியாக வேண்டும். தலைக்குமேல் பார்க்கும்போது சிலருக்கு மயக்கம் வரும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருந்தால் போதும்.

உங்களிடம் கேட்பது பெரிய செலவன்று. உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே நடக்கும் சீகோங் குழு ஒன்றுக்குத் தமிழ் பேசும் இருவரை ஆறு மாதம் அனுப்பிப் பழகச் செய்யுங்கள். ஒருவர் வரமுடியாத நாளில் மற்றவர் நடத்த வேண்டும் என்பதால் இருவர். வகுப்பை மன்றத்தின் மண்டபத்தில் வைக்காதீர்கள். வீட்டிலிருப்பவரை விட்டுவிட்டு ஒரு பேருந்து தூரம் போகப் பராமரிப்பாளரால் முடியாது. மின்தூக்கியில் இறங்கினால் போதும் என்றால் வருவார். குளிப்பாட்டுதலும் காலை உணவும் மருந்தும் முடிந்து, மதியச் சமையலுக்கு முன் அரைமணி நேரம் கிடைக்கும் காலை 10 மணியைப் பெரும்பாலோருக்குரிய நேரமாகக் கொள்ளுங்கள். முதியவரையும் உடன் அழைத்து வரலாம் என்று அறிவிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் பாதிப்பேர் வரமாட்டார்கள். முதல் மாதத்தில் நால்வர்தான் வந்தார்கள் என்று நிறுத்திவிடாதீர்கள்.

எட்டு அசைவுகளுக்கும் நான் எழுதிப் பழகிய தமிழ்க் கட்டளைகள் இரண்டு பக்கத்தில் இருக்கின்றன. கேட்கும் எந்தச் செயற்குழுவுக்கும் தருகிறேன், எந்த வகுப்புக்கும் வந்து பக்கத்தில் நிற்கிறேன். அம்மா மறைந்து ஈராண்டு ஆகிறது. காலை 7 மணிக்கு நான் இன்னும் கீழே போகிறேன். சென்ற மாதம், மூன்றாம் மாடியில் கணவரைப் பராமரிக்கும் ஒரு தமிழ்ப் பெண்மணி, கல் மேசையருகே வந்து அமர்ந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கியிருக்கிறார்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற தாதி ஒருவர்
சிங்கப்பூர்